சிங்கப்பூர்ல கரிம வரி டன்னுக்கு 45 வெள்ளி ஆயிடுச்சு, புகையை அளக்குறது யாரு, அதைச் சரிபாக்குறது யாரு?

துவாஸ்_செல்வா எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். நான் துவாஸ்ல ஒரு உணவு ஃபேக்டரில மெயின்டனன்ஸ் பாக்குறேன். ரெண்டு ஸ்டீம் பாய்லர் நேச்சுரல் கேஸ்ல ஓடுது, பேக்கப்புக்கு ஒரு டீசல் பாய்லர் இருக்கு. இத்தனை நாளா கரிம வரின்னா அது ஜூரோங் தீவுல இருக்கிற பெரிய ரிஃபைனரி, கெமிக்கல் ஆலைக்காரங்க சமாச்சாரம்னு எங்க மேனேஜ்மென்ட் கண்டுக்கவே இல்ல. இப்ப புதுசா ஒரு லைன் போட்டதுல கேஸ் செலவு ஏறிப்போச்சு, பாஸ் கூப்ட்டு "2,000 டன் தாண்டுறோமா இல்லையா, தாண்டுனா என்ன பண்ணணும், பாத்துச் சொல்லு"ன்னுட்டாரு. கேஸ் பில்லெல்லாம் கூட்டிப் பாத்தா வருஷத்துக்கு 39 டெராஜூல் வருது, டீசல் ஒரு 20,000 லிட்டர். ஐபிசிசி, அதான் ஐநாவோட காலநிலை விஞ்ஞானிகள் குழு, அவங்க ஃபாக்டர் ஒரு டெராஜூலுக்கு 56.1 டன்னு போட்டிருந்துச்சு, பெருக்குனா கேஸுக்கு மட்டும் 2,188 டன். அப்ப நாங்க உள்ள வந்துட்டோமா? வரி கட்டணுமா? யாராச்சும் வந்து செக் பண்ணுவாங்களா? இந்த வேலை தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. ஏதோ ஒரு நம்பரைப் போட்டு அனுப்பிட்டு இருக்க எனக்கு மனசு வரல, சரியாச் செய்யணும்.

வுட்லண்ட்ஸ்_நூர்ஜஹான் எழுதியது:
தம்பி, உங்க கடைசி வரியப் படிச்சுட்டுத்தான் பதில் எழுத உக்காந்தேன். நான் எமிஷன் ரிப்போர்ட் சரிபாக்குற டீம்ல வேலை பாத்தவ, தெரிஞ்சதச் சொல்றேன்.

இங்க சட்டம் 2018ல பாஸான கார்பன் ப்ரைசிங் ஆக்ட். 2019 ஜனவரி 1ல இருந்து நடப்புல இருக்கு, நடத்துறது தேசிய சுற்றுப்புற வாரியம், அதான் நம்ம என்இஏ. அதுல ரெண்டு கோடு போட்டிருக்காங்க. ஒரு தொழில் இடம் வருஷத்துக்கு 2,000 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமா நேரடியா வெளிய விட்டா ரெஜிஸ்டர் பண்ணிட்டு ஒவ்வொரு வருஷக் கணக்கையும் அடுத்த வருஷம் ஜூன் 30க்குள்ள ரிப்போர்ட் பண்ணணும். 25,000 டன்னைத் தொட்டா அது வரி கட்டுற இடம், அவங்க முன்கூட்டியே மானிட்டரிங் ப்ளான் எழுதி என்இஏ கிட்ட ஒப்புதல் வாங்கணும், ரிப்போர்ட்ட அங்கீகாரம் வாங்கின வெளி ஆளுங்க சரிபாத்துக் கையெழுத்துப் போடணும். நேரடின்னா நீங்க உங்க இடத்துல எரிக்கிறது, உங்க ப்ராசஸ்ல இருந்து வர்றது. நீங்க வாங்குற கரண்ட் இதுல சேராது, அதுக்கான புகை பவர் ஸ்டேஷன் கணக்குல ஏற்கெனவே வந்துடும்.

இப்ப உங்க 2,188. அது தப்பு தம்பி, இதே தப்பை நிறைய இடத்துல பாத்திருக்கேன். கேஸ் பில்லுல வர்ற எனர்ஜி கிராஸ் ஹீட்டிங் வேல்யூ. ஐபிசிசியோட 56.1 நெட் ஹீட்டிங் வேல்யூவுக்கானது. எரியும்போது வர்ற நீராவியோட சூட்டைச் சேத்துக் கணக்குப் போடுறமா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம், நேச்சுரல் கேஸுக்கு அது ஏறக்குறைய 10 சதவீதம். அப்ப 39ஐ 0.9ஆல பெருக்குங்க, 35.1. அதை 56.1ஆல பெருக்குனா 1,969 டன். கோட்டுக்குக் கீழ வந்துட்டீங்க பாருங்க. ஆனா டீசலை விட்டுட்டீங்க. லிட்டருக்கு சுமாரா 2.68 கிலோ, 20,000 லிட்டருக்கு 54 டன். மொத்தம் 2,023. மறுபடி மேல வந்துட்டீங்க.

வெறும் 23 டன்ல நிக்குது உங்க நிலைமை, அதனால பில்லு, மீட்டரு, டீசல் டெலிவரி ஆர்டரு எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வைங்க. வரி இப்போதைக்கு உங்களுக்கு இல்ல, ரிப்போர்ட் உண்டு.

ஜூரோங்_மீட்டர்மணி எழுதியது:
நூர்ஜஹான் அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் இன்ஸ்ட்ருமென்ட் ஆளு, ஜூரோங் தீவுல பல ப்ளான்ட்ல ஃப்ளோ மீட்டர் வேலை செஞ்சிருக்கேன், அதுனால மீட்டர் பத்தி மட்டும் பேசுறேன்.

வரியப் பத்தித்தான் எல்லாரும் பேசுறாங்க, அந்த வரி எந்த நம்பர் மேல நிக்குதுன்னு யாரும் பேசுறதில்ல. 2019ல இருந்து 2023 வரைக்கும் டன்னுக்கு 5 வெள்ளி. 2024லயும் 2025லயும் 25 வெள்ளி. இந்த 2026லயும் அடுத்த வருஷமும் 45 வெள்ளி. 2030க்குள்ள 50ல இருந்து 80 வெள்ளின்னு 2022 பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க. இப்ப ஒரு லட்சம் டன் விடுற ஒரு ப்ளான்ட எடுத்துக்குங்க, அவங்க கேஸ் மீட்டர் 2 சதவீதம் கம்மியாக் காட்டுனா 2,000 டன் கணக்குல வராமப் போகும். 5 வெள்ளி காலத்துல அது 10,000 வெள்ளி, அந்தச் சைஸ் கம்பெனில யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இப்ப அதே பிசகு 90,000 வெள்ளி. 80 வெள்ளி ஆச்சுன்னா 1 லட்சத்து 60 ஆயிரம். விலை ஏற ஏற மீட்டர் சரியா இருக்கணும்ங்கிற பொறுப்பும் அதே அளவுக்கு ஏறுது, அதைச் சரிபாக்குற ஆளோட பொறுப்பும் ஏறுது, தராசு சரியில்லாத கடைல மீன் விலைய மட்டும் பேசி என்ன பிரயோஜனம்?

2 சதவீதப் பிசகு எப்படி வரும்னு கேப்பீங்க, ரொம்ப லேசா வரும். ஆரிஃபிஸ் ப்ளேட்டுன்னு மீட்டருக்காக பைப்புக்குள்ள ஒரு ஓட்டை போட்ட தகடு இருக்கும், அதோட விளிம்பு கூரா இருக்கணும், வருஷக்கணக்கா கேஸ் போய்ப் போய் மழுங்கிடுச்சுன்னா ப்ரெஷர் வித்தியாசம் கொறையும், மீட்டர் கம்மியாக் காட்டும். இன்னொன்னு டெம்பரேச்சர். கேஸ் வால்யூம 15 டிகிரி மாதிரி ஒரு ஸ்டாண்டர்டுக்கு மாத்திப் பேசணும், நம்ம ஊர்ல பைப்புக்குள்ள 30 டிகிரி இருக்கும், அந்தக் கரெக்ஷன் வேலை செய்யலன்னா மட்டும் 5 சதவீதம் தப்பாயிடும், இந்தத் தடவ அதிகமாக் காட்டும். ட்ரான்ஸ்மிட்டர் கெட்டுப்போய் சிஸ்டம் ஒரு டிஃபால்ட் வேல்யூவ எடுத்துக்கிட்டு மாசக்கணக்கா ஓடிக்கிட்டு இருக்கும், அலாரத்த யாரோ அக்னாலெட்ஜ் பண்ணிட்டுப் போயிருப்பாங்க, ப்ரொடக்ஷனுக்கு பாதிப்பு இல்லாததால ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

செல்வா தம்பி, காலிபரேஷன் பண்ணும்போது அட்ஜஸ்ட் பண்றதுக்கு முன்னாடி இருந்த ரீடிங்கையும் எழுதித் தரச் சொல்லுங்க. சரி பண்ணதுக்கு அப்புறம் உள்ள நம்பர் மட்டும் இருந்தா, போன ஒரு வருஷம் மீட்டர் எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

பொங்கோல்_பாலு எழுதியது:
எல்லாம் சரிங்க, ஆனா கடைசில காசு யார் தலைல விழுது? பவர் ஸ்டேஷன் வரி கட்டும், கரண்ட் பில்லுல ஏத்தும், நாங்க கட்டுவோம். 25 வெள்ளி ஆனப்பவே நாலு ரூம் வீவக, அதான் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு மாசம் 4 வெள்ளி போல கூடும்னு அரசாங்கமே சொன்னுச்சு. இப்ப 45. கரண்ட், தண்ணி பில்லுக்கு யு-சேவ் தள்ளுபடி தர்றாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா உலகப் புகைல சிங்கப்பூர் பங்கு 0.1 சதவீதம்தான், இதுக்கு இவ்வளவு கணக்கு, இவ்வளவு ஆடிட்டு தேவையா? எங்க மாமா பையன் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான், வாடகையும் வெளிநாட்டு ஊழியர் லெவியும் கட்டவே திணர்றான், நாளைக்கு அவனையும் எழுது எழுதுன்னு சொல்லுவாங்களோன்னு கவலையா இருக்கு.

வுட்லண்ட்ஸ்_நூர்ஜஹான் எழுதியது:
பாலு அண்ணே, உங்க மாமா பையன் ஒர்க்‌ஷாப்புக்கு இது வராது. 2,000 டன்னுன்னா டீசல்ல பாத்தா சுமாரா ஏழரை லட்சம் லிட்டர் எரிக்கணும். சின்னக் கடைய இழுக்கக் கூடாதுன்னுதான் அந்தக் கோடு. வரி கட்டுறதே நாடு முழுக்க 50 இடம் போலத்தான், பவரு, ரிஃபைனிங், கெமிக்கல், செமிகண்டக்டர், குப்பை எரிக்கிற ஆலை இப்படி. ஆனா அந்த 50 இடத்துலயே நாட்டோட பெரும்பகுதிப் புகை அடங்கிடும். ரோட்டுல ஓடுற வண்டிக்கு பெட்ரோல் டீசல் தீர்வை தனியா இருக்கு.

0.1 சதவீதம்ங்கிறது உண்மை. ஆனாலும் பாரிஸ் ஒப்பந்தத்துல நாம கையெழுத்துப் போட்டிருக்கோம், 2030ல 60 மில்லியன் டன் சுமாருக்குக் கொண்டு வரோம், 2035ல 45ல இருந்து 50 மில்லியன், 2050ல நிகர பூஜ்யம்னு எழுதிக் குடுத்திருக்கோம். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ எல்லா நாடும் வெளிப்படை அறிக்கை தாக்கல் பண்ணணும், நாம முதல் அறிக்கைய 2024ல குடுத்தாச்சு. அந்த அறிக்கைல இருக்கிற பெரிய நம்பருக்கு அடில இந்த மாதிரி ஃபேக்டரி ஃபேக்டரியா வந்த கணக்குதான் கிடக்கு. கீழ ஒருத்தர் கிராஸ் நெட் குழப்பிட்டா மேல நாட்டோட கணக்கும் தப்பாப் போகும், மத்த நாட்டு நிபுணர் குழு உக்காந்து அதைப் பரிசீலிப்பாங்க. சின்ன நாடு, சொன்ன கணக்கு சுத்தமா இருந்தாத்தான் பெரிய நாட்டுக்கிட்ட நீ ஏன் செய்யலன்னு கேக்க முடியும். இதை நான் மனசார நம்புறேன்.

ஈசூன்_கலா எழுதியது:
நான் அக்கவுண்ட்ஸ் பக்கம், லிஸ்டட் கம்பெனி ஒண்ணுல வேலை. செல்வா தம்பி, உங்க கம்பெனி பெரிய க்ரூப்ல ஒரு பாகமா இருந்தா இன்னொரு கணக்கும் உங்ககிட்ட வந்து நிக்கும், அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

என்இஏ சட்டம் ஒரு இடத்தப் பாக்கும். பங்குச் சந்தையும், கம்பெனிப் பதிவு, கணக்கெல்லாம் பாக்குற ஆக்ரா ஆணையமும் கேக்குறது முழுக் கம்பெனிக் கணக்கு. லிஸ்டட் கம்பெனி எல்லாம் 2025 நிதியாண்டுல இருந்து ஸ்கோப் 1, ஸ்கோப் 2 ரெண்டையும் சொல்லியாகணும். ஸ்கோப் 1ன்னா நீங்க நேரடியா விடுறது. ஸ்கோப் 2ல நீங்க வாங்குற கரண்ட் வரும், அதுக்கு கிரிட் ஃபாக்டர எரிசக்திச் சந்தை ஆணையம் வெளியிடுது, ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 கிலோ, ஏன்னா நம்ம கரண்ட்ல 95 சதவீதம் போல நேச்சுரல் கேஸ்ல இருந்து வருது. அதனால ஒரே ஃபேக்டரிக்கு ரெண்டு ரிப்போர்ட்ல ரெண்டு நம்பர் இருக்கலாம், ரெண்டுமே சரியா இருக்கும். பாஸ் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு யாரோ தப்புப் பண்ணிட்டாங்கன்னு கத்துவாரு, முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

எனக்கு மனசு கேக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தப் பங்குச் சந்தைக் கணக்குக்கு வெளி ஆள் சரிபார்ப்பு முதல்ல 2027 நிதியாண்டுல இருந்து வர்றதா இருந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல அதை 2029க்குத் தள்ளிட்டாங்க. லிஸ்ட் ஆகாத பெரிய கம்பெனிக்கு, அதாவது 100 கோடி வெள்ளி வருமானமும் 50 கோடி வெள்ளி சொத்தும் உள்ளதுக்கு, ரிப்போர்ட்டே 2030ல, சரிபார்ப்பு 2032ல. கம்பெனிங்களுக்கு டைம் வேணும்ங்கிறது எனக்குப் புரியுது, நானே மூணு எக்ஸெல் ஷீட்ட வச்சுக்கிட்டு ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆளுதான். ஆனா லாப நஷ்டக் கணக்க ஆடிட் இல்லாம யாராச்சும் நம்புவாங்களா? இன்னும் சில வருஷம் ஆயிரக்கணக்கான டன்ன எழுதி வெளியிடுவோம், முதலீடு பண்றவங்க அதைப் படிச்சு முடிவெடுப்பாங்க, உள்ள ஒருத்தரும் பில்லோட ஒத்துப் பாத்திருக்க மாட்டாங்க. என்இஏ பக்கம் 25,000 டன்னுக்கு மேல உள்ளவங்க 2019ல இருந்தே இந்தச் சரிபார்ப்பு வழில வந்தவங்க, அவங்களால முடிஞ்சது மத்தவங்களாலயும் முடியும்.

கிளமென்டி_மாணவி எழுதியது:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் யூனிவர்சிட்டில சுற்றுச்சூழல் படிக்கிறேன். எனக்கு இருக்கிற கேள்வி வேற. இவ்வளவு சரிபாத்து வாங்குற கணக்கு மக்கள் கண்ணுக்கு ஏன் வர்றதில்ல? ஐரோப்பால கார்பன் சந்தைல இருக்கிற ஒவ்வொரு ஆலையோட சரிபார்த்த வெளியேற்றமும் பேரோட வெளியாகுது, யார் வேணா எடுத்துப் பாக்கலாம். அமெரிக்கால 2010 வருஷக் கணக்குல இருந்து 25,000 டன்னுக்கு மேல உள்ள இடங்களோட கணக்கு ஆன்லைன்ல இருக்கு, அதை இப்ப நிறுத்தப் போறதா 2025ல முன்மொழிஞ்சிருக்காங்க, அது பெரிய இழப்புன்னு நெனைக்கிறேன். இங்க இடவாரியா ஒரு நம்பரும் கிடையாது. ஏற்றுமதிப் போட்டில இருக்கிற, கரிமம் அதிகம் விடுற கம்பெனிங்களுக்கு 2024ல இருந்து வரில ஒரு பகுதிக்குச் சலுகை தர்றாங்க, எந்தக் கம்பெனிக்கு எவ்வளவுன்னு கேட்டா வணிக ரகசியம்ங்கிறாங்க. எங்க ப்ராஜெக்டுக்கு ஜூரோங் தீவுக் கணக்கு தேடித் தேடி கடைசில கம்பெனிங்களோட சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட்ல இருந்து பொறுக்கி எடுத்தோம், அதுல பாதி உலக அளவுல கூட்டிப் போட்டது, சிங்கப்பூர் பங்கு தனியா இல்ல. பாலு அங்கிள் மாசம் 4 வெள்ளி கட்டுறாங்க, அவங்களுக்கு இதைப் பாக்க உரிமை இல்லையா?

பொங்கோல்_பாலு எழுதியது:
பாப்பா கேட்டது சரியான கேள்வி. எனக்கு வரி மேல கோவம் இல்லம்மா, எங்க பில்லு வெளிச்சத்துல இருக்கு, அவங்க பில்லு இருட்டுல இருக்கு, அதுதான் உறுத்துது.

ஜூரோங்_மீட்டர்மணி எழுதியது:
தங்கச்சி, உங்க பக்கம் நியாயம் இருக்கு, ஆனா இன்னொரு பக்கத்தையும் கேளுங்க. வேஃபர் ஃபேப்ல, அதான் சிப் செய்யுற ஃபேக்டரில வேலை செஞ்ச அனுபவத்துல சொல்றேன். அங்க விடுற கேஸே வேற. எஸ்எஃப்6, அதாவது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு, ஒரு கிலோ காத்துல போச்சுன்னா, ஐபிசிசியோட ஐந்தாவது அறிக்கைக் கணக்குப்படி 23.5 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரே ஒரு கிலோவுக்கு இன்னைய ரேட்டுல 1,000 வெள்ளிக்கு மேல வரி. நைட்ரஜன் ட்ரைஃப்ளூரைடு கிலோவுக்கு 16.1 டன், அதையும் இப்ப சட்டத்துக்குள்ள சேத்துட்டாங்க. அங்க புகைபோக்கில மீட்டர் வச்சு அளக்குறது கெடையாது, எத்தன சிலிண்டர் வாங்குனோம், எவ்வளவு மிச்சம் திருப்பி அனுப்புனோம், மெஷினுக்குள்ள எத்தன சதவீதம் ரியாக்ட் ஆச்சு, மிச்சத்துல அபேட்மென்ட் யூனிட், அதாவது வெளிய போறதுக்கு முன்னாடி கேஸ அழிக்கிற மெஷின், எவ்வளவை அழிச்சுதுன்னு கணக்குப் போடுறதுதான். எந்த கேஸ் எவ்வளவு வாங்குனாங்கன்னு போட்டியாளருக்குத் தெரிஞ்சா எந்த ப்ராசஸ் எவ்வளவு ஓடுதுன்னு ஊகிச்சுடுவான். அந்த பயம் பொய் இல்ல.

அதோட இந்தக் கணக்குல ஒரு பெரிய ஓட்டை வரக்கூடிய இடம் அபேட்மென்ட் யூனிட். 90 சதவீதம் அழிக்கும்னு மேக்கர் எழுதியிருப்பான், சரி. அது மெயின்டனன்ஸுக்கு நின்ன நாள்ல, பைபாஸ்ல போன மணி நேரத்துல எவ்வளவு போச்சு? அந்த லாக் புக்க கேக்குற சரிபார்ப்பாளர்தான் உண்மையான சரிபார்ப்பாளர். வெறும் எக்ஸெல்ல கூட்டல் சரியான்னு பாத்துட்டுப் போறவங்களையும் பாத்திருக்கேன், ஒரு இடத்துல பீல்டுக்கே வராம கான்ஃபரன்ஸ் ரூம்லயே முடிச்சுட்டுக் கிளம்புனாங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது.

வுட்லண்ட்ஸ்_நூர்ஜஹான் எழுதியது:
மணி அண்ணே, அப்படி வேலை செய்றவங்க இருக்காங்க, எங்க தொழிலுக்கே அது கெட்ட பேரு. வரி கட்டுற இடத்துக்கு 'நியாயமான உறுதி' லெவல்ல, அதாவது பெரிய தப்பு எதுவும் இல்லன்னு நம்பிச் சொல்ற அளவுக்குச் சரிபாக்கணும், அதுல பீல்டுக்குப் போய் மீட்டர் டேக்கப் பாக்குறதும் லாக் புக்கப் புரட்டுறதும் அடிப்படை.

ஆனா ரகசியம் பத்தி நான் தங்கச்சி பக்கம். கேஸ் வாரியா வெளியிட வேண்டாம், அந்த இடத்தோட மொத்த டன் ஒரே ஒரு நம்பர் போட்டாப் போதும், அதுல இருந்து யாரும் ரெசிப்பியக் கண்டுபிடிக்க முடியாது. ஐரோப்பாலயும் ஃபேக்டரிங்க இருக்கு, வியாபாரம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. இன்னொரு பலனும் உண்டு, பக்கத்து ப்ளான்ட் நம்பர் தெரிஞ்சா இன்ஜினியருக்கே ரோஷம் வரும், எங்கயோ லீக் இருக்குன்னு தேட ஆரம்பிப்பாங்க.

பொங்கோல்_பாலு எழுதியது:
இன்னொரு சந்தேகம். வெளிநாட்டுல மரம் நட்டு அந்த க்ரெடிட்ட வாங்கிக் கழிச்சுக்கலாம்னு கேள்விப்பட்டேன், அப்ப இங்க அளந்து என்ன பிரயோஜனம்?

கிளமென்டி_மாணவி எழுதியது:
முழுசாக் கழிக்க முடியாது அங்கிள், 2024ல இருந்து வரிக்கு உட்பட்ட டன்ல 5 சதவீதம் வரைக்கும்தான். அதுவும் அரசாங்கம் ஒப்பந்தம் போட்ட நாட்டு க்ரெடிட்டா இருக்கணும், பப்புவா நியூ கினி, கானா, பூட்டான் மாதிரி. ஒரே டன்ன ரெண்டு நாடும் தன்னோட கணக்குல எழுதிக்கக் கூடாது, க்ரெடிட்ட வித்த நாடு தன் கணக்குல திருத்தம் போடணும். அப்படிப் பாத்தா அந்தக் காட்டுலயும் ஒருத்தர் அளக்கணும், ஒருத்தர் சரிபாக்கணும். மிச்ச 95 சதவீதமும் இங்க உள்ள மீட்டர்லதான் நிக்குது. அந்த 5 சதவீதமே வேணாம்ங்கிறது என் கருத்து, காட்டுத்தீல மரம் போச்சுன்னா நம்ம புகை மட்டும் மேலயே நிக்கும்.

ஈசூன்_கலா எழுதியது:
இதுல நான் மாறுபடுறேன் பாப்பா, கொஞ்சம் இடம் விட்டாத்தான் வேற வழியே இல்லாத ஆலைங்க மூச்சு விடும். ஆனா எந்தக் கம்பெனி எந்த ப்ராஜெக்ட் க்ரெடிட்ட எவ்வளவு யூஸ் பண்ணுச்சுன்னு பேரோட வெளிய வரணும், அதுல உங்களோட ஒத்துப்போறேன்.

துவாஸ்_செல்வா எழுதியது:
அக்கா, அண்ணே எல்லாருக்கும் நன்றி. பாஸ்கிட்ட பேசுனேன். "வெறும் 23 டன்னுதானே, டீசல் பாய்லர கொஞ்சம் கம்மியா ஓட்டுனதா எழுதிடலாமே"ன்னு ஒருத்தர் மீட்டிங்ல சொன்னாரு. டெலிவரி ஆர்டர் எல்லாம் சப்ளையர்கிட்டயும் இருக்கு, நான் அப்படி எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன், பாஸும் அதுக்கு மேல பேசல. ரெஜிஸ்டர் பண்ணுறதுன்னு முடிவாயிடுச்சு. அது போக நெஜமாவே கேஸக் கொறைக்க ஸ்டீம் ட்ராப்ப (நீராவி பைப்புல சேர்ற தண்ணிய மட்டும் வெளிய விடுற வால்வு) எல்லாம் சர்வே பண்ணலாம்னு கேட்டிருக்கேன், புது லைன்ல கண்டென்சேட், அதாவது நீராவி குளிர்ந்து வர்ற சூடு தண்ணி, வேற வீணாப் போகுது. இப்ப சந்தேகம் என்னன்னா, கேஸ் மீட்டர் சப்ளையரோடது, டீசலுக்கு எங்க டேங்க்ல ஒரு டிப் ஸ்டிக், அதாவது அளவுக் குச்சிதான் இருக்கு. வருஷக் கடைசில டேங்க்ல மிச்சம் இருந்தத யாரும் குறிச்சு வைக்கல. என்ன செய்யலாம்?

வுட்லண்ட்ஸ்_நூர்ஜஹான் எழுதியது:
சப்ளையர் மீட்டர்னா நல்லதுதான் தம்பி, காசு கை மாறுற மீட்டர், ரெண்டு பக்கமும் கவனமா இருப்பாங்க. அவங்ககிட்ட கேஸோட ஹீட்டிங் வேல்யூ மாசாமாசம் எழுத்துல கேட்டு வாங்குங்க, 0.9ங்கிறது நான் கைக்கணக்குக்குச் சொன்னது, ரிப்போர்ட்டுக்கு அவங்க தர்ற நம்பர்தான் வேணும். டீசலுக்கு வருஷம் முழுக்க வாங்குனத வச்சுக் கணக்குப் போடுங்க, டேங்க் மிச்சம் தெரியலங்கிறத மறைக்காம குறிப்பு எழுதி, டேங்க் எத்தன லிட்டர் புடிக்கும்னும் எழுதுங்க, அப்பதான் அதிகபட்சம் எவ்வளவு பிசகு வரும்னு பாக்குறவருக்குத் தெரியும். உங்க நிலைமைல டேங்க் மிச்சம் அந்த 23 டன்னு விஷயத்தையே மாத்தலாம், அதனால இது முக்கியம். இந்த வருஷம் டிசம்பர் 31 சாயங்காலம் டிப் ஸ்டிக்க விட்டு ரெண்டு பேர் கையெழுத்தோட ஃபோட்டோ எடுத்து வச்சிருங்க. இடிஎம்ஏ, அதாங்க என்இஏவோட எமிஷன் டேட்டா சிஸ்டம், அதுல ஏத்துறதுக்கு யார் யாருக்கு அக்சஸ் வேணும்னு இப்பவே கம்பெனில பேசிடுங்க, ஜூன்ல போய் நின்னா லாகினுக்கே அலைவீங்க.

ஜூரோங்_மீட்டர்மணி எழுதியது:
டிப் ஸ்டிக் விடும்போது டேங்க் அடில தண்ணி எவ்வளவு நிக்குதுன்னும் பாருங்க தம்பி, வாட்டர் ஃபைண்டிங் பேஸ்ட் தடவிப் பாத்தாத் தெரிஞ்சிடும், நம்ம ஊரு ஈரத்துக்குக் கட்டாயம் இருக்கும். ஸ்டீம் ட்ராப் சர்வேக்கு அல்ட்ராசோனிக் கன் வேணும்னா என்கிட்ட ஒண்ணு இருக்கு, ப்ரைவேட் மெசேஜ் போடுங்க, சனிக்கிழமை வந்து காட்டித் தர்றேன்.